ஆளிவிதையில் கிரிக்கெட் மட்டை வாசம்: விதைகளில் நாம் விடும் பிழைகள்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்வீட்டு மாமி ஒரு போத்தலைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். "தம்பி, இது பழுதாகிவிட்டதா, இல்லை இதன் வாசமே இப்படித்தானா?" என்று கேட்டார். உள்ளே ஆளிவிதைத் தூள். மூன்று மாதங்களுக்கு முன் ஒரு கிலோ வாங்கி, மொத்தத்தையும் அரைத்து, அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் வைத்திருக்கிறார். முகர்ந்ததும் எனக்குப் பள்ளிக்கூட மைதானம் நினைவுக்கு வந்தது. புதுக் கிரிக்கெட் மட்டைக்குத் துணியில் தொட்டுத் தேய்ப்போமே லின்சீட் எண்ணெய், அதே வாசம். லின்சீட் என்பதும் ஆளிவிதைதான்.

ஆளிவிதை எண்ணெயில் ஏறத்தாழப் பாதி ஆல்பா லினோலெனிக் அமிலம். ஆளிவிதையின் ஒமேகா 3 என்று எல்லோரும் புகழ்வது இதைத்தான். அதன் கரிமச் சங்கிலியில் மூன்று இரட்டைப் பிணைப்புகள் உண்டு. அவற்றின் இடையில் இருக்கும் ஐதரசனை ஒட்சிசன் இலகுவாகப் பிடுங்கிவிடும். பிடுங்கப்பட்ட இடத்திலிருந்து தொடர்வினை ஒன்று கிளம்பி, எண்ணெய் முழுவதும் பரவும். மட்டையில் அந்த எண்ணெய் காய்ந்து படலமாவது இதனால்தான். மட்டைக்கு அது நல்லது, காலைக் கஞ்சிக்கு அல்ல. முழு விதையில் தோலும், லிக்னான்கள் என்ற தாவரச் சேர்மங்களும், வைட்டமின் ஈயும் சேர்ந்து ஒட்சிசனைத் தடுத்து நிற்கின்றன. அரைத்தவுடன் அந்த வேலி உடைகிறது. அதற்காக அரைக்காமலே விழுங்கினால், பெரும்பாலான விதைகள் உள்ளே போன கோலத்திலேயே வெளியே வந்துவிடும். ஆக, முழு விதையாக வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாட்களுக்கு வேண்டியதை மட்டும் அரைப்பதே வழி.

இதை மாமிக்கு விளக்கும்போதுதான் பெரிய பிழை எதுவென்று எனக்கே தெளிந்தது. விதைக்குள் இருக்கும் இரசாயனமெல்லாம் நமக்காகச் செய்துவைத்தது போல நினைக்கிறோம். விதை அதைத் தனக்காகச் செய்துகொண்டது. எண்ணெயைக் கட்டிச் சோறாக வைத்துக்கொண்டு, மழை வரும்வரை மண்ணில் கிடக்க வேண்டும். அதற்குள் எண்ணெய் சிக்கடித்தால் முளை இறந்துவிடும். இஸ்ரேலின் மசாடாக் கோட்டையில் கிடைத்த, ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பழைமையான பேரீச்சை விதை 2005 இல் முளைத்தது. ஆய்வுகூடங்களில் வளர்க்கும் அரபிடொப்சிஸ் என்ற சிறு செடியில், வைட்டமின் ஈ உண்டாக்கும் மரபணுவைப் பழுதாக்கினால், அதன் விதைகளின் ஆயுள் வெகுவாகக் குறுகிவிடுகிறது. இப்படி ஒட்சிசன் செய்யும் கேட்டைத் தடுக்கும் பொருட்களே ஒட்சியேற்ற எதிர்ப்பிகள். விதைக்கு அவை முதலில் காவலாளிகள். நம் வயிற்றுக்குள் போன பிறகு அவை என்ன செய்கின்றன என்பது வேறு கதை.

அந்த வேறு கதையை மறைத்துத்தான் சத்து மாப் பொதிகளில் ஒட்சியேற்ற எதிர்ப்பு வலு என்று எண்களை அச்சிடுகிறார்கள். அந்த எண் எப்படி வருகிறதென்று கிட்டவிருந்து பாருங்கள். டிபிபிஎச் என்ற சேர்மத்தை மெதனோலில் கரைத்தால் நாவற்பழச் சாறு போலக் கடும் ஊதா நிறம் வரும். அதில் விதைச் சாற்றை விட்டால், ஊதா வெளிறி மஞ்சளாகும். 517 நானோமீற்றர் ஒளியில் எவ்வளவு வெளிறியது என்று கருவி அளந்து சொல்லும். பார்க்க அழகான சோதனை. மாணவர்கள் விரும்பிச் செய்வார்கள். ஆனால் அந்த ஊதாப் பொருள் நம் உடலில் இல்லை. நம் இரத்தம் மெதனோலும் இல்லை. எந்தச் சாறு எந்தச் சாற்றைவிட வேகமாக இலத்திரன் கொடுக்கிறது என்பதற்குமேல் அது எதையும் சொல்லவில்லை. அமெரிக்க விவசாயத் திணைக்களம் உணவுகளின் ஒராக் எண்களை, அதாவது இதே வலுவை ஆய்வுகூடத்தில் அளக்கும் இன்னொரு சோதனையின் எண்களை, பட்டியலிட்டு வைத்திருந்தது. அவை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுவதையும், உடல்நலத்துடன் அவற்றுக்குள்ள தொடர்பு நிறுவப்படாததையும் சொல்லி, 2012 இல் அந்தப் பட்டியலை நீக்கிவிட்டது. பொதிகளில் அந்த எண்கள் இன்னமும் இருக்கின்றன.

ஒரு கடையில் கொடுத்த துண்டுப் பிரசுரம் ஒன்றில் ஐசி50 எண் கூடிய விதையே சிறந்தது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நேர்மாறு. பாதி நிறத்தைப் போக்க எவ்வளவு சாறு வேண்டும் என்பதே ஐசி50. எண் குறைந்தால்தான் வீரியம் கூட. விற்பவர் தன் விதையே மோசம் என்று காசு கொடுத்து அச்சிட்டிருந்தார்!

வயிற்றுக்குள் போனபின் என்ன நடக்கிறது? விதைகளின் ஒட்சியேற்ற எதிர்ப்பிகளில் ஒரு வகையான பொலிபீனோல்களில் பெரும்பகுதி குடலிலேயே தங்கிவிடும். இரத்தத்தில் ஏறுவது மிகச் சொற்பம். அதுவும் ஈரலில் உருமாறியே ஏறும். நம் இரத்தத்தில் இயல்பாகவே உள்ள யூரிக் அமிலம் அதைவிடப் பல நூறு மடங்கு அதிகம். அதுவும் ஓர் ஒட்சியேற்ற எதிர்ப்பிதான். அப்படியானால் விதைகளால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் சுற்றுவழியில். ஆளிவிதையின் லிக்னானைக் குடல் பற்றீரியாக்கள் என்டரோலக்டோன் என்ற வேறு பொருளாக மாற்றியே உடலுக்குக் கொடுக்கின்றன. கடுகின் காரப் பொருள் தானாக எதையும் அணைப்பதில்லை. உயிர்க்கலங்களின் சொந்தப் பாதுகாப்பு நொதியங்களைத் தட்டி எழுப்புகிறது.

கடுகின் காரமும் கடுகுக்குள் ஆயத்தமாக இருப்பதில்லை. காரத்துக்கு மூலமான சினிகிரின் ஓர் அறையிலும் அதை உடைக்கும் மைரோசினேஸ் நொதியம் இன்னோர் அறையிலும் இருக்கின்றன. தண்ணீர் விட்டு அரைக்கும்போதுதான் இரண்டும் சந்தித்துக் காரம் பிறக்கிறது. கொதிக்கும் எண்ணெயில் தாளித்தால் நொதியம் செத்துவிடும். வாசம் வரும், காரம் வராது. கொழும்பு மலாய் அச்சாறு மூக்கில் ஏறுவது பச்சைக் கடுகை அரைத்துச் சேர்ப்பதால். அரைத்துப் பத்து நிமிடம் விட்டு, அதன்பின் வினாகிரி சேருங்கள். முதலிலேயே புளிப்பைச் சேர்ப்பவர்கள் நொதியத்தை வேலை தொடங்கும் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

வறுத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்று எல்லா விதைக்கும் ஒரே சட்டம் போடுவதும் பிழை. எள்ளை வறுக்கும்போது அதிலுள்ள செசமோலின் என்ற பொருள் உடைந்து, அதைவிட வலுவான ஒட்சியேற்ற எதிர்ப்பியான செசமோல் உண்டாகிறது. வறுத்த எள்ளின் எண்ணெய் எளிதில் சிக்கடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். ஊரிலிருந்து வரும் எள்ளுருண்டை தகரத்துக்குள் நாட்கணக்கில் கெடாமல் இருந்ததை அம்மம்மா செசமோல் என்ற பெயர் தெரியாமலே அறிந்திருந்தார்.

தோலைப் பற்றியும் ஒரு சொல். உழுந்திலும் குரக்கனிலும் பீனோல்கள் பெரும்பாலும் தோலிலேயே. வெள்ளை வெளேரென்று உரித்த உழுந்தை வாங்கிவிட்டு ஒட்சியேற்ற எதிர்ப்பி தேடுவது, தேங்காயைக் கொடுத்துவிட்டுச் சிரட்டையில் பால் பிழிவது போன்றது. எனினும் தோலின் தனினும் பைற்றிக் அமிலமும் இரும்புச்சத்தைக் கட்டிப்போடும். குரக்கன் பிட்டுடன் தேசிக்காய் பிழிந்த சம்பல் சேர்ந்தால் வைட்டமின் சி அந்தக் கட்டை ஓரளவு அவிழ்க்கும். பிட்டு முடிந்த கையோடு வெறுந்தேநீர் குடித்தால் கட்டு இறுகும்.

கூடக்கூட நல்லது என்பவர்களுக்குப் பின்லாந்தைச் சொல்வேன். அங்கே புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994 இல் வெளிவந்தது. நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீற்றா கரோட்டின் என்ற ஒட்சியேற்ற எதிர்ப்பி மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. விதைகளிலும் எல்லாம் சாதுவல்ல. கசப்பான அப்ரிகொட் பருப்பில் சயனைட் தரும் அமிக்டலின் உண்டு. குன்றிமணியின் அப்ரின் கொல்லக்கூடிய நஞ்சு.

கொழும்புக்காரர் மறப்பது ஈரத்தை. மழைக்காலத்தில் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் வாய் திறந்த சாக்குகளைப் பார்த்திருப்பீர்கள். ஈரம் ஏறிய கச்சான், எள்ளு ஆகியவற்றில் அஸ்பர்ஜிலஸ் பூஞ்சணம் பிடித்தால் அஃப்லாடொக்சின் சேரும். வறுத்தாலும் அது முழுதாக அழியாது. பூஞ்சண வாசம் வந்தால் கழுவி வெயிலில் போட்டுச் சரிக்கட்டாமல் எறிந்துவிடுங்கள்.

மாமியின் ஆளிவிதையும் குப்பைக்குப் போயிற்று. போகிற போக்கில், காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி வெந்தயமும் ஊறவைத்துச் சாப்பிடுவதாகச் சொன்னார். சலரோகத்துக்கு மாத்திரை எடுப்பவர். வெந்தயமும் சீனியைக் குறைக்கும், மாத்திரையும் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் அளவுக்கு மீறி இறங்கலாம். வைத்தியரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று கேட்டார் தம்பி, இல்லை என்றேன். வெந்தயம் சாப்பாடுதானே?"