மொரிசியஸில் கடை போட நினைக்கிறவர்களுக்கு

ஈரோட்டிலிருந்து மாதத்துக்கு ஒருவராவது போன் செய்கிறார்கள். "அக்கா, அங்கே வந்து கடை போட்டால் ஓடுமா?" சித்தப்பா மகன், பழைய பக்கத்து வீட்டுக்காரர், யாரோ கொடுத்த நம்பரை வைத்துக்கொண்டு பேசுகிற முன்பின் தெரியாத தம்பி என்று எல்லாருக்கும் ஒரே கேள்வி. தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது மொத்தமாக எழுதிவிடுகிறேன். நான் கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்தவள். ரோஸ் ஹில்லில் 2016இலிருந்து பூஜைச் சாமானும் ஜவுளியும் விற்கிறேன். பெரிய முதலாளிகளுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. கையில் கொஞ்சம் சேமிப்போடு, பெட்டியில் மாதிரிச் சரக்கோடு வருகிறவர்களுக்குத்தான் இது.

முதலில் தலையை எண்ணுங்கள். இந்த நாட்டின் மொத்த மக்கள்தொகை 12 லட்சத்துச் சொச்சம். நம் ஈரோடு மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்கெடுப்பில் 22 லட்சத்துக்கு மேல். அதாவது ஒரு மாவட்டத்தில் பாதிதான் இங்கே ஒரு தேசம். அதிலும் தமிழ் வம்சாவளியினர் ஒரு சிறு பங்கு. இந்த நாட்டு ரூபாய் நோட்டிலேயே தமிழ் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. 1998இல் வந்த புது நோட்டில் தமிழைப் பின்னுக்குத் தள்ளியதற்காக இங்குள்ள தமிழர்கள் போராடி, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்கள். அந்தப் பற்று உண்மையானது. ஆனால் வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவின் பேச்சுமொழி. என் மாமனார் தேவாரத்தை மனப்பாடமாகச் சொல்வார், அதைப் படிப்பதோ பிரெஞ்சு எழுத்தில். கடைக்கு வருகிறவர்கள் குத்துவிளக்கைத் தூக்கிப் பார்த்து "கோம்யே சா?" என்றுதான் விலை கேட்பார்கள். மூன்று மாதமாவது கிரியோல் பழகாமல் கல்லாவில் உட்காராதீர்கள்.

சந்தை இவ்வளவு சிறிது என்பதால் சரக்கு எடுக்கும் கணக்கே மாறுகிறது. ஊரில் ஒரு டிசைன் ஓடினால் இன்னும் நூறு எடுப்போம். இங்கே நூறு குத்துவிளக்கு விற்றுவிட்டால், வாங்க வேண்டியவர்கள் எல்லாரும் வாங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். அடுத்த நூறு போக எனக்கு மூன்று வருஷம் ஆனது. அதனால் ஒரே பொருளில் ஆழமாகப் போகாமல், பல பொருளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். தீர்ந்துபோகிற பொருள் (கற்பூரம், ஊதுபத்தி, திரி, விபூதி) கடை வாடகையைக் கட்டும். தீராத பொருள் அலமாரியை அடைத்துக்கொண்டு நிற்கும்.

அப்புறம் கப்பல். இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். இங்கே தைப்பூசம் அரசு விடுமுறை நாள். பத்து நாள் விரதம் இருந்து காவடி எடுக்கிறார்கள். ஆண், பெண், குழந்தை என்று குடும்பமே அடர்ந்த ரோஸ் நிறத்தில் உடுத்தும். க்வாத்ர் போர்னில் கோர் த கார்த் மலைக் கோவிலுக்கு ஏறும் கூட்டத்தைக் கீழே நின்று பார்த்தால் மலையில் ரோஸ் துணியை விரித்த மாதிரி இருக்கும். அந்த ரோஸ் மஞ்சள் கலந்ததாகவும் இருக்கக் கூடாது, சிவப்புப் பக்கமும் சாயக் கூடாது. சாயப்பட்டறைக்குப் போட்டோ அனுப்பிப் பயனில்லை. ஒரு முழம் துணியை வெட்டி கூரியரில் அனுப்பினேன். அதே நிறத்தில் ஆறு பேல் (பெரிய துணிக் கட்டு) நெய்து சாயம் போட்டு வந்தது. எல்லாம் சரி. 2017இல் தைப்பூசம் பிப்ரவரி 9. என் சரக்கு கொழும்பில் கப்பல் மாற்றும்போது ஒரு கப்பலைத் தவறவிட்டு, இங்குள்ள தலைநகரத் துறைமுகமான போர்ட் லூயிஸில் இறங்கியது பிப்ரவரி 20. சரக்கு அனுப்பும் ஏஜென்ட் "இது சகஜம்தானே மேடம்" என்றார். அவருக்குச் சகஜம். எனக்கு ஒரு வருஷம் முழுக்க ஆறு பேல் துணி கடையின் பின்னறையில் கிடந்தது.

அன்றிலிருந்து நான் நாள்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுகிறேன். தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். விரதம் தொடங்குவதற்கு முன் வாரம் துணி கடையில் தொங்க வேண்டும். அதற்கு டிசம்பர் முதல் வாரத்தில் துறைமுகத்தில் இறங்க வேண்டும், கிறிஸ்துமஸ் நெருங்கினால் எல்லா வேலையும் மெதுவாகும். அப்படியானால் அக்டோபரில் தூத்துக்குடியிலோ சென்னையிலோ ஏற்ற வேண்டும். ஆர்டர் ஆகஸ்டில். தீபாவளிச் சரக்குக்கு இதே மாதிரி தனிக் கணக்கு. தெலுங்குக்காரர்களின் உகாதி, மகா சிவராத்திரி, விநாயகர் சதுர்த்தி மூன்றும் இங்கே விடுமுறைதான். சிவராத்திரிக்கு கிராண்ட் பாசின் ஏரிக்கு நடந்து போகும் கூட்டம் வெள்ளை உடுத்தும். எந்தச் சமூகம் எந்த நாளில் எந்த நிறம் உடுத்துகிறது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். என் கடையில் மிகப் பயனுள்ள நோட்டு அதுதான்.

செடி கொடி சம்பந்தப்பட்ட எதையும் முன்அனுமதி இல்லாமல் ஏற்றாதீர்கள். தர்ப்பை, வில்வ இலை, மாவிலை, பதப்படுத்தாத மரச் சாமான், தேங்காய் எல்லாமே இதில் சேரும். தீவு நாடு, ஒரு பூச்சி உள்ளே வந்தால் கரும்பே போய்விடும் என்ற பயம் நியாயமானது. நான் அனுமதி வாங்காமல் சேர்த்து அனுப்பச் சொன்ன ஒரு கட்டு தர்ப்பையை அழித்துவிட்டார்கள். அதோடு வந்த மற்ற சரக்கும் அந்தப் பரிசோதனை முடியும்வரை நின்றது. நின்ற நாளுக்கெல்லாம் துறைமுக வாடகை நம் தலையில்.

காகித வேலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஊரைவிட எளிது. கம்பெனி பதிவு அலுவலகமும், வெளிநாட்டு முதலீட்டாளர்களைக் கவனிக்கும் ஈ.டி.பி. என்கிற பொருளாதார மேம்பாட்டு வாரியமும் போர்ட் லூயிஸில் ஒரே கட்டடத்தில், ஒன் கதீட்ரல் ஸ்கொயரில் இருக்கின்றன. 2001 கம்பெனிச் சட்டப்படி ஒரே ஒரு பங்குதாரர் போதும். ஆனால் இங்கேயே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது வேண்டும். அந்த ஒருவராக முகம் தெரியாத ஆளைக் காசு கொடுத்துப் போடாதீர்கள். கையெழுத்துப் போடுகிறவர் யார் என்பது பின்னால் எல்லாவற்றுக்கும் முக்கியம். பதிவானதும் பி.ஆர்.என். என்ற வியாபாரப் பதிவு எண் கிடைக்கும். அதைப் பில்லில் போட வேண்டும், கடையிலும் தெரியும்படி மாட்ட வேண்டும். கடை இடத்துக்கு நகராட்சியின் அனுமதி தனி. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அந்தக் கட்டடத்தில் வியாபாரம் நடத்த அனுமதி உண்டா என்று நகராட்சியில் கேளுங்கள். குடியிருப்பு என்று பதிவான வீட்டு முன்னறைக்கு ஆறு மாத முன்பணம் கொடுத்துவிட்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

வெளிநாட்டவர் முதலீட்டாளராக வந்து தங்கி வேலை செய்ய ஆக்குபேஷன் பர்மிட் வேண்டும். பல வருஷமாக அதற்கான முதலீடு 50,000 டாலர் என்று இருந்தது. இந்த நிபந்தனைகளை ஒவ்வொரு ஜூன் மாத பட்ஜெட்டிலும் தொடுகிறார்கள். ஆகவே போன வருஷம் வந்தவர் சொன்னதை நம்பாமல் ஈ.டி.பி.யிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கம்பெனி வருமான வரி 15 சதவீதம், வாட் வரியும் 15 சதவீதம். வாட் பதிவுக்கான வருஷ விற்பனை வரம்பு 60 லட்சமாக இருந்து, 2025 அக்டோபர் முதல் 30 லட்சம் ஆகிவிட்டது. என்னைப் போன்ற கடைகள் பல ஒரே நாளில் வாட் வரிக்குள் வந்துவிட்டன. நான் சொல்வது மொரிசியஸ் ரூபாய். இரண்டு நாட்டிலும் பணத்துக்குப் பெயர் ரூபாய்தான், மதிப்பு வேறு. ஊரோடு பேசும்போது எந்த ரூபாய் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுங்கள். என் அண்ணனுக்கும் எனக்கும் வந்த ஒரே பணச் சண்டை அதனால்தான்.

வங்கிக் கணக்குக்குப் பொறுமை வேண்டும். மொரிசியஸ் என்றாலே வரி தப்பிக்கும் இடம் என்று ஊரில் பேச்சு இருக்கிறது. 1982இல் இந்தியாவோடு போட்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தால் வந்த பெயர் அது. 2016இல் அதைத் திருத்தி, 2017 ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கிய இந்தியப் பங்குகளின் லாபத்துக்கு இந்தியாவிலேயே வரி என்று ஆக்கிவிட்டார்கள். அப்புறம் 2020இல் சர்வதேசப் பணமோசடித் தடுப்பு அமைப்பின் சாம்பல் பட்டியலில் (கூடுதலாகக் கண்காணிக்கும் நாடுகளின் பட்டியல்) இந்த நாடு போய், 2021 அக்டோபரில்தான் வெளியே வந்தது. அந்தச் சூட்டை வங்கிகள் மறக்கவில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்று காகிதம் காகிதமாகக் கேட்பார்கள். நிலம் விற்ற பத்திரம், நகை அடகு ரசீது, மூன்று வருஷ வருமான வரித் தாக்கல், எல்லாவற்றையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு கொண்டுவாருங்கள். "மாமா கொடுத்தார்" என்பது இங்கே பதில் ஆகாது.

ஆள் வைப்பது பற்றி ஒரு வார்த்தை. 2025இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 17,110 மொரிசியஸ் ரூபாய். அதற்கு மேல் முதலாளி அரசுக்குக் கட்டும் சமூகப் பங்களிப்பும், டிசம்பரில் பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் சட்டப்படி உண்டு. 2024 டிசம்பரில் புது அரசு பதினான்காம் மாதச் சம்பளமும் கொடுக்க வைத்தது. சம்பளத்தைப் பதின்மூன்றால் பெருக்கி, கூடக் கொஞ்சம் ஒதுக்குங்கள். இந்த விஷயத்தில் குறுக்குவழி தேடாதீர்கள். என் கடையில் இருக்கும் பெண் ரோஸ் ஹில்லில் பாதிக் குடும்பங்களுக்கு உறவு. அவளை நான் எப்படி நடத்துகிறேன் என்பது அன்று மாலைக்குள் என் வாடிக்கையாளர்களுக்குத் தெரியும்.

புயலைக் கணக்கில் சேர்க்காத திட்டம் இங்கே திட்டமே இல்லை. நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை புயல் காலம், எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை ஏறும். மூன்று என்றால் கடை அடைப்பு. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயிஸில் கார்கள் மிதந்ததைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். தைப்பூசத்துக்குச் சரியாகப் பத்து நாள் முன்பு. என் சரக்கில் பாதி அங்கே ஒரு கிடங்கின் தரைத்தளத்தில் இருந்தது. மறுநாள் கதவைத் திறந்தபோது முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. கீழ் அடுக்கில் இருந்த ரோஸ் துணியின் சாயம் இறங்கி, பக்கத்து அடுக்கு வெள்ளை வேட்டிகளில் ஏறியிருந்தது. இன்ஷூரன்ஸ்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, காற்றுச் சேதம் உண்டு, வெள்ளம் தனிச் சேர்க்கை, அது உங்கள் பாலிசியில் இல்லை என்றார்கள். நான் பாலிசி எடுத்தபோது யாரும் அதைச் சொல்லவில்லை. நீங்கள் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். கிடங்கை மேட்டில் பாருங்கள், வாடகை அதிகமானாலும் பரவாயில்லை. சரக்கை மரப் பலகை மேல் அடுக்கி, மாதம் ஒருமுறை போட்டோ எடுத்து வையுங்கள்.

லாபம் வந்தால் எங்கே போடுவது என்றும் கேட்கிறார்கள். இங்கே பங்குச் சந்தை 1989இல் ஐந்து கம்பெனிகளோடு தொடங்கியது. பங்கு விற்ற லாபத்துக்கு வரி இல்லை, உள்ளூர்க் கம்பெனி தரும் டிவிடெண்டுக்கும் இல்லை. ஆனால் வாங்குவது சுலபம், விற்பதற்கு எதிரே ஆள் வேண்டும். சில பங்குகளில் நாள் கணக்கில் யாரும் வர மாட்டார்கள். கடைக்கு நாளை தேவைப்படும் பணத்தை அதில் போடக் கூடாது. நிலம் வேண்டாம். வெளிநாட்டவர் நினைத்த இடத்தில் வாங்க முடியாது, அரசு வகுத்த சில திட்டங்களுக்குள்தான். கடற்கரை ஓரம் பெரும்பாலும் அரசு நிலம், குத்தகைதான். "பீச் பக்கத்தில் மலிவாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நொத்தேரிடம் (பத்திரம் பதியும் நோட்டரி) போய்ப் பத்திரத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

வருவதென்றால் முதலில் ஒரு மாதம் தங்கிப் பாருங்கள். வியாழனும் ஞாயிறும் க்வாத்ர் போர்ன் சந்தையில் ஜவுளி விற்கும். காலை முதல் மதியம்வரை நின்று, யார் என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்று எழுதுங்கள். மெட்ரோவில் ரோஸ் ஹில்லிலும் கியூர்பிப்பிலும் இறங்கி, கூட்டம் எந்தப் பக்கம் நடக்கிறது என்று பாருங்கள். ரயில் வந்தபின் பல கடைகளின் முன்பக்கமே மாறிவிட்டது.

அடுத்த தைப்பூசத்துக்கு என் கன்டெய்னரில் கொஞ்சம் இடம் இருக்கும். இரண்டு பேல் அளவுக்கு மாதிரிச் சரக்கு அனுப்ப நினைக்கிறவர்கள் ஜூலை கடைசிக்குள் சொல்லுங்கள். என் கடையில் ஓர் அலமாரியை ஒதுக்கித் தருகிறேன், ஒரு சீசன் விற்றுப் பாருங்கள். சுங்கச் செலவில் உங்கள் பங்கு மட்டும் உங்களுடையது. தர்ப்பை மட்டும் வேண்டாம்.