உதயகிரிக் கோட்டையைச் சுற்றிப் பார்ப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

பாழடைந்த இடங்களைப் பார்க்கிற ஆசை இருந்தும் எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு, நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் நான் முதலில் சொல்வது புலியூர்க்குறிச்சியில் இருக்கிற உதயகிரிக் கோட்டையைத்தான். பழைய கோட்டை, அதற்குள்ளேயே வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா, இரண்டும் ஒரே இடத்தில்.

1. நாகர்கோவிலிலிருந்து தக்கலை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, தக்கலைக்கு முன்பே புலியூர்க்குறிச்சியில் இறங்கிவிடுங்கள். வாசலில் டிக்கெட் எடுக்கும்போதே எதுவரை போகலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழை நாளில் வேண்டாம், பாசி பிடித்த கல் வழுக்கும். ஷூ கட்டாயம்.

2. முதலில் மதில். குளச்சல் போரில் 1741-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படைக்காரர் டிலனாய், பிறகு அதே மன்னருக்குப் படைத்தலைவராகி, இந்தக் கோட்டையைக் கருங்கல்லில் பலப்படுத்த உதவினார். பீரங்கி வார்க்கும் பட்டறையும் உள்ளே இருந்தது. கல் இடுக்கில் வளர்ந்த ஆல், அரசச் செடிகளைப் பிடித்து ஏறாதீர்கள், வேரோடு கல்லும் பெயர்ந்து வரும்.

3. அப்புறம் டிலனாயின் கல்லறை. இங்கே அவசரப்படவே கூடாது. கூரை போன தேவாலயத்துக்குள், 1777-இல் இறந்த அவருடைய கல்லறைமேல் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். உச்சி வெயிலில் பார்த்தால் வெறும் கல்லாகத்தான் தெரியும். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள், இல்லையென்றால் போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். வெட்டிய பள்ளத்தில் நிழல் விழுந்து ஒவ்வொரு எழுத்தாக எழும்பி வரும். பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது, அதை நினைவில் வைத்து எழுத்துக்கூட்டுங்கள். தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸோ எண்ணெயோ தேய்க்க வேண்டாம், தயவுசெய்து. இருநூறு வருஷத்துக்கு மேல் மழையைத் தாங்கிய எழுத்து அது, நம்ம கையால் அழியக்கூடாது.

4. பாம்பு இருக்கும் என்று நினைத்தே நடங்கள். பொந்தில் கை விடாதீர்கள். கடித்துவிட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு நேரே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

5. படம் எடுக்கும்போது முழுச் சுவரை ஒன்று, கல்லைக் கிட்டத்தில் ஒன்று, பக்கத்தில் அளவுக்கு ஒரு பேனாவை வைத்து ஒன்று எடுத்தால், வீட்டுக்கு வந்த பிறகும் எது எவ்வளவு பெரிசு என்று தெரியும்.

நேரம் மிச்சமிருந்தால் பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை. திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று விடுமுறை.