விகிதமுறு சார்பின் ஒய்-வெட்டுத்துண்டு: முதலில் பகுதியைப் பாருங்கள்

விகிதமுறு சார்பு என்பது ஒரு பல்லுறுப்புக்கோவையை இன்னொன்றால் வகுத்த பின்னம்; மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. அதன் வளைவரை ஒய்-அச்சை வெட்டும் இடத்தில் எக்ஸின் மதிப்பு 0. ஆகவே, எக்ஸ் வரும் இடமெல்லாம் 0 போட்டால் கிடைப்பதே ஒய்-வெட்டுத்துண்டு. வேலை ஒரு வரிதான். ஆனால் 0 போட வேண்டியது கொடுக்கப்பட்ட வடிவத்தில். சுருக்கிய வடிவத்தில் அல்ல.

(2எக்ஸ்² − 5எக்ஸ் + 12) / (எக்ஸ்² + 3எக்ஸ் − 4) என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். எக்ஸ் உள்ள உறுப்புகள் எல்லாம் மறைந்து, தொகுதியில் 12, பகுதியில் −4 எஞ்சும். வெட்டுத்துண்டு −3, புள்ளி (0, −3). விரித்து எழுதிய சார்பில் இப்படி மாறிலிகளை (எக்ஸ் இல்லாத எண்களை) மட்டும் வகுத்தால் போதும். தலை உறுப்புகளின் கெழுக்களை (எக்ஸ்²-க்கு முன் உள்ள எண்களை) வகுத்து 2 என்று எழுதிவிடுவோர் உண்டு. அது கிடைமட்டத் தொலைத்தொடுகோட்டின், அதாவது வளைவரை இரு ஓரங்களிலும் நெருங்கிச் செல்லும் கோட்டின், உயரம். தொகுதியை 0-க்குச் சமப்படுத்தினால் கிடைப்பதோ எக்ஸ்-வெட்டுத்துண்டு.

காரணிகளாக இருந்தால் விரிக்காதீர்கள், நேரமும் குறியும் வீணாகும். (எக்ஸ் − 3)(எக்ஸ் + 4) / (எக்ஸ் − 2)² என்பதில் மேலே (−3) × 4 = −12, கீழே (−2)² = 4; விடை −3. கீழே −4 என்று எழுதினால் குறி புரண்டு 3 வந்துவிடும். 2 + 3/(எக்ஸ் − 6) போன்ற வடிவில் வெளியே நிற்கும் 2 வெட்டுத்துண்டு அல்ல: 2 − 1/2 = 3/2.

மாறிலி கண்ணில் படவில்லை என்றால் அதன் மதிப்பு 0, 1 அல்ல. 5எக்ஸ் / (எக்ஸ்² + 1) என்பதில் தொகுதி 0, பகுதி 1. வளைவரை ஆதிப்புள்ளி வழியே போகிறது. வெட்டுத்துண்டு 0 என்பதும் வெட்டுத்துண்டு இல்லை என்பதும் வேறு வேறு.

பகுதி 0 ஆனால் வெட்டுத்துண்டு கிடையாது. (எக்ஸ் + 1) / எக்ஸ் என்பதில் 1/0 வருகிறது. ஒய்-அச்சே அங்கு செங்குத்துத் தொலைத்தொடுகோடு. 0/0 வந்தால்தான் பலரும் சறுக்குகிறார்கள். (எக்ஸ்² + 3எக்ஸ்) / எக்ஸ் என்பதைச் சுருக்கினால் எக்ஸ் + 3. உடனே விடை 3 என்று எழுதத் தோன்றும். மூலச் சார்பின் சார்பகத்தில் (எக்ஸுக்குப் போடக்கூடிய மதிப்புகளில்) 0 இல்லை. (0, 3) என்பது வளைவரையில் உள்ள துளை, வெட்டுப்புள்ளி அல்ல. வரைபடச் செயலி கோட்டை முழுதாகவே வரைந்து காட்டக்கூடும், நம்ப வேண்டாம். 0/0 வந்தாலே துளைதான் என்றும் எண்ணிவிடக் கூடாது: எக்ஸ் / எக்ஸ்² சுருங்கி 1/எக்ஸ் ஆகிறது, அங்கே இருப்பது தொலைத்தொடுகோடு.

இதே பொறியின் ஒளிந்த வடிவம் அடுக்குப் பின்னம்: (1 + 1/எக்ஸ்) / (2 + 3/எக்ஸ்). மாறிலிகளை வகுத்தால் 1/2. மேலும் கீழும் எக்ஸால் பெருக்கினால் (எக்ஸ் + 1) / (2எக்ஸ் + 3), அதில் 0 போட்டால் 1/3. இரண்டுமே தவறு. உள்ளே 1/எக்ஸ் இருப்பதால் 0 போடவே முடியாது. (0, 1/3) துளை, வெட்டுத்துண்டு இல்லை.