ஃபஸ் பெடல் ஊமையா இருக்கா? முதலில் மீட்டர், அப்புறம்தான் சால்டரிங் அயர்ன்

முதன்முதலாக நான் கட்டிய ஃபஸ் பெடல் (கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் சின்னப் பெட்டி) மூன்று நாள் ஊமையாக இருந்தது. சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்கு இரண்டு முறை ஓடி ட்ரான்சிஸ்டர் வாங்கி வந்தேன், இரண்டையும் மாற்றினேன், கெபாசிட்டரையும் மாற்றினேன். வெரோ போர்டில் (செம்புக் கோடுகளும் துளைகளும் உள்ள அட்டை) பாதி செம்பு உரிந்து வந்ததுதான் மிச்சம். கோளாறு போர்டில் இல்லவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அது எங்கே இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு 'ஃபஸ் ஃபேஸ்' என்ற பெடலின் சர்க்யூட்டையே எடுத்துக்கொள்கிறேன். 1966-இல் லண்டனில் ஐவர் ஆர்பிட்டர் என்பவரின் கம்பெனி வெளியிட்டது, பிறகு ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் காலடியில் கிடந்து பேர் வாங்கியது. இரண்டே ட்ரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், இரண்டு பாட் (திருப்பி அளவை மாற்றும் ரெசிஸ்டர்). முதல் பெடலுக்கு ஏற்ற சின்ன சர்க்யூட். நான் சொல்வது என்பிஎன் சிலிக்கான் வகை ட்ரான்சிஸ்டர் போட்டுக் கட்டியதற்கு. ஜெர்மேனியம் வகை ட்ரான்சிஸ்டரை முதல் முயற்சியில் தொடாதீர்கள். வெயில் ஏற ஏற அதன் கசிவு மின்னோட்டமும் ஏறும். மார்கழியில் சரி செய்து வைத்த பெடல் சென்னைச் சித்திரையில் வேறு மாதிரி கத்தும்.

படி 1: பைபாஸில் கேளுங்கள்

அடாப்டரைக் கழற்றிவிட்டுப் புது 9 வோல்ட் பேட்டரி போடுங்கள். கால் சுவிட்சை ஆஃப் நிலையில் (பைபாஸ், அதாவது சிக்னல் போர்டைத் தொடாமல் நேராகப் போகும் நிலை) வைத்து வாசியுங்கள். கிட்டார் சுத்தமாகக் கேட்கிறதா? கேட்டால் இரண்டு ஜாக்கும், கேபிளும், சுவிட்சில் பாதியும் நல்லபடி இருக்கின்றன. கேட்கவில்லை என்றால் போர்டைப் பார்க்கவே வேண்டாம், வயரிங்கைப் பாருங்கள். ஒன்பது இணைப்புக் கால்கள் உள்ள இந்தச் சுவிட்சில் அயர்னை அதிக நேரம் வைத்தால் உள்ளே பிளாஸ்டிக் இளகி, தகடு நகர்ந்துவிடும். ஒரு காலுக்கு மூன்று விநாடி போதும்.

படி 2: கரண்ட் வருகிறதா?

இன்புட் ஜாக் ஸ்டீரியோ ஜாக்காக இருக்க வேண்டும். அதற்கு மூன்று கால்: பிளக்கின் முனையைத் தொடுவது டிப், நடுவைத் தொடுவது ரிங், அடிப்பகுதியைத் தொடும் கிரவுண்ட் கால் ஸ்லீவ். பேட்டரியின் நெகட்டிவ் வயர் அதன் ரிங் காலுக்குப் போகும். மோனோ பிளக்கைச் செருகும்போது ரிங்கும் ஸ்லீவும் ஒட்டிக்கொள்ளும், பெடல் ஆன் ஆகும். அதனால் கேபிள் செருகாமல் அளந்தால் எல்லா இடத்திலும் சைபர்தான் காட்டும். அதைப் பார்த்துவிட்டு 'போர்டு செத்துப்போச்சு' என்று முடிவு கட்டியவர்களில் நானும் ஒருவன்.

கேபிளைச் செருகிவிட்டு, பேட்டரி வயரில் மல்டிமீட்டரைத் தொடராக வைத்து மில்லி ஆம்பியர் பாருங்கள். இந்தச் சர்க்யூட் சுமார் 1 மில்லி ஆம்பியர்தான் குடிக்கும். இருபது முப்பது காட்டினால் எங்கேயோ ஷார்ட். வெரோ போர்டின் செம்புக் கோடுகளுக்கு நடுவே பிளேடு முனையால் ஒருமுறை கீறி விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத சால்டர் இழை அறுந்துவிடும்.

படி 3: ஐந்து இடத்தில் வோல்டேஜ்

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையை ஜாக்கின் ஸ்லீவில் மாட்டுங்கள். கிட்டார் வால்யூமைக் குறைத்துவிடுங்கள். பேஸ், கலெக்டர், எமிட்டர் என்பவை ட்ரான்சிஸ்டரின் மூன்று கால்கள். சிவப்பு முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தாளில் எழுதுங்கள். மனதில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், குழம்பும்.

பேட்டரி பாசிட்டிவ்: 9 வோல்ட்
முதல் ட்ரான்சிஸ்டரின் பேஸ்: 0.6 பக்கம்
முதல் கலெக்டர்: 1.2 முதல் 1.4
இரண்டாவது எமிட்டர்: 0.6 முதல் 0.8
இரண்டாவது கலெக்டர்: 4.5-க்குப் பக்கம்

கடைசி எண்தான் பெடலின் நாடி. அது 9 என்று நின்றால் இரண்டாவது ட்ரான்சிஸ்டர் வேலை செய்யவில்லை. 1 கே (1 கிலோ ஓம்) ஃபஸ் பாட்டின் கிரவுண்ட் விட்டுப்போயிருக்கலாம், அல்லது ட்ரான்சிஸ்டரின் கால்கள் இடம் மாறியிருக்கலாம். முதல் கலெக்டரும் 9 காட்டினால், அங்கிருந்து இரண்டாவது பேஸுக்குப் போகும் இணைப்பு அறுந்திருக்கிறது.

கால் விஷயத்தில் எல்லாரும் ஒருமுறையாவது ஏமாறுவோம். தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால் கீழே இருக்கும்படி பிடித்தால் பிசி 547 என்ற ட்ரான்சிஸ்டருக்கு இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். நேர் தலைகீழ். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் திருப்பிப் போட வேண்டும். சாக்கெட் வைத்துக் கட்டியிருந்தால் ஒரு நிமிட வேலை.

கடைசி எண் 2, 3 என்று தாழ்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், சிலிக்கானில் அது சகஜம். அசல் 8.2 கே ரெசிஸ்டர் ஜெர்மேனியத்துக்காகக் கணக்குப் போட்டது. அதை எடுத்துவிட்டு 10 கே ட்ரிம்பாட் (ஸ்க்ரூ டிரைவரால் திருப்பும் குட்டிப் பாட்) போட்டு 4.5 வரும்வரை திருப்புங்கள். ஸ்வரம் நீளாமல் அறுந்து அறுந்து விழுந்ததெல்லாம் திருப்பத் திருப்பச் சரியாவது காதுக்கே தெரியும். அந்த அறுந்த சத்தமே பிடித்திருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்?

படி 4: சத்தம் எங்கே தொலைகிறது?

வோல்டேஜ் எல்லாம் சரி, ஆனாலும் சத்தம் இல்லை என்றால் ஆடியோ புரோப் (சர்க்யூட்டில் தொடும் இடத்துச் சத்தத்தை ஆம்பில் கேட்க வைக்கும் வயர்) செய்துகொள்ளுங்கள். பழைய கிட்டார் கேபிளின் ஒரு முனையை வெட்டி, நடு வயரில் 104 (0.1 மைக்ரோஃபாரட்) என்று போட்ட கெபாசிட்டர் ஒன்றைச் சால்டர் செய்யுங்கள். வெளி வயரைப் பெடல் கிரவுண்டில் மாட்டுங்கள். பிளக்கை ஆம்பில் செருகி, ஆம்ப் வால்யூமை நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நண்பர் யாரையாவது ஒரே தந்தியைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, கெபாசிட்டரின் மறு காலால் இன்புட்டிலிருந்து ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டு வாருங்கள். எங்கே சத்தம் நிற்கிறதோ, அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு.

இரண்டு இடத்தில் காது ஏமாறும். முதல் பேஸில் சத்தம் மிகவும் மெலிதாகத்தான் இருக்கும். இரண்டாவது கலெக்டரில் உறுமுவது, 470 ஓமும் 8.2 கேயும் சேரும் இடத்தில் திடீரென்று இறங்கிவிடும். இரண்டும் இயல்பு. அந்த இரண்டு ரெசிஸ்டரும் இடம் மாறிப் போயிருந்தால் வோல்டேஜ் எல்லாம் ஒழுங்காகவே காட்டும், ஆனால் ஆம்ப் அலறும். மஞ்சள், ஊதா, பழுப்புதான் 470. அதன் ஒரு கால் பேட்டரி பாசிட்டிவ் பக்கம் இருக்க வேண்டும்.

படி 5: சத்தம் வருகிறது, சரியில்லை

ஃபஸ் பாட்டைத் திருப்பினால் எதுவும் மாறவில்லையா? அதன் நடுக்காலிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் 22 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைப் பாருங்கள். பிளஸ் பாட் பக்கம். இன்புட்டில் உள்ள 2.2 மைக்ரோஃபாரட் எலெக்ட்ரோலிட்டிக் என்றால் அதன் பிளஸ், கிட்டார் பக்கம் அல்ல, பேஸ் பக்கம்.

வாசிக்காதபோது உள்ளே வானொலிச் செய்தி ஓடுகிறதா? முதல் ட்ரான்சிஸ்டரின் பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவில் 100 பிக்கோஃபாரட் ஒன்று போட்டால் செய்தி முடிந்தது. கீச்சென்று கத்தினால் இன்புட் வயரையும் அவுட்புட் வயரையும் பிரித்து ஆளுக்கொரு ஓரமாகக் கொண்டுபோங்கள்.

தனியாக நன்றாக இருக்கும் பெடல், வேறு பெடலுக்குப் பின்னால் வைத்தால் மட்டும் ஈ மொய்ப்பது போல இரைந்தால் அது கோளாறே அல்ல. இந்தச் சர்க்யூட்டின் இன்புட் கிட்டார் பிக்கப்போடு நேரடியாகப் பேசப் பிறந்தது. முன்னால் இருக்கும் பெடலில் பஃபர் (கிட்டாருக்கும் அடுத்த பெடலுக்கும் நடுவே தடுப்பாக நிற்கும் சர்க்யூட்) இருந்தால் ஃபஸ்ஸைத்தான் வரிசையில் முதலாவதாக வைக்க வேண்டும்.

படி 6: மூடியைப் போட்ட பிறகு மறுபடி

என் மூன்று நாள் கதை இதுதான். மேஜையில் திறந்து வைத்தால் பாடும், மூடியைத் திருகினால் ஊமை. நான் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றை மாற்றிவிட்டு, உடனே மூடி, அப்புறம்தான் வாசித்துப் பார்த்தேன். அவுட்புட் ஜாக்கின் டிப் கால் அரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு, அலுமினிய மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. சிக்னல் முழுவதும் நேராகக் கிரவுண்டில் இறங்கிக்கொண்டிருந்தது. ஜாக்கைக் கால் சுற்றுத் திருப்பி, மூடியின் உள்பக்கம் இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டினேன். புதிதாக வாங்கியதில் மீதி நாலு ட்ரான்சிஸ்டர் இன்னும் டப்பாவில் கிடக்கின்றன.