துவாலாங் மரத்தைக் காட்டில் இனம் காண்பது எப்படி?

அவரைக் குடும்பம் என்றதும் கொடியும் காயும்தான் நினைவுக்கு வரும். மலேசியா, சுமத்ரா, போர்னியோ தாழ்நிலக் காடுகளில் 80 மீட்டரைத் தாண்டி நிற்கும் துவாலாங்கும் (கூம்பாசியா எக்செல்சா) அதே குடும்பம்தான். மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் தாபாங், சபா மாநிலத்தில் மெங்கரிஸ் என்பார்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: பைனாகுலர், 50 மீட்டர் அளவுநாடா, கோணம் காட்டும் கைப்பேசிச் செயலி, இருந்தால் லேசர் தூரமானி.

1. இடம். ஆற்றோரத்திலும் பள்ளத்தாக்குச் சரிவுகளிலும் தேடுங்கள். மலை உச்சியில் தேடிப் பயனில்லை. தோட்டத்து ஓரத்தில் தனிமரமாக நின்றால் அதைத் திறந்தவெளி மரம் என்று எண்ணிவிடாதீர்கள். சுற்றியிருந்த காடு போன பிறகும், தேனுக்காக இதை மட்டும் வெட்டாமல் விட்டிருப்பார்கள்.

2. அடிமரம். பட்டை வழுவழுப்பாக, வெளிர்சாம்பலாக, வெயிலில் வெள்ளையாகவே தெரியும். அடியில் பெரிய பலகை வேர்கள். சுமார் 30 மீட்டர் உயரம்வரை கிளையே இருக்காது. இதன் நெருங்கிய உறவான கெம்பாஸ் மரத்தோடு குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். கெம்பாஸின் பட்டை சொரசொரப்பாக, செதில் செதிலாக உரியும். அது சதுப்பு நிலத்திலும் வளரும்.

3. கிளை. மலைத்தேனீக்களின் அடைகள் கிளைகளின் அடியில் வரிசையாகத் தொங்கினால் துவாலாங்காக இருக்க வாய்ப்பு மிக அதிகம். ஒரே மரத்தில் நூறு அடைகள்கூட இருக்கும். இரவில் அங்கே டார்ச் அடிக்கக் கூடாது. வெளிச்சத்தை நோக்கித் தேனீக்கள் திரண்டு வரும்.

4. இலை, பூ, காய். மேலே எட்டாது, கீழே உதிர்ந்ததைப் பொறுக்குங்கள். கூட்டிலையில் சிற்றிலைகள் மாறி மாறி அமைந்திருக்கும். பூ சிறியது, வெள்ளை, ஐந்து இதழ். பட்டாணிப் பூவின் வண்ணத்துப்பூச்சி வடிவத்தை எதிர்பார்க்காதீர்கள். நெற்று தட்டையானது, ஓரம் இறக்கை போல விரிந்து அடியில் முறுக்கியிருக்கும், உள்ளே ஒற்றை விதை. அது வெடிக்காது, காற்றில் சுழன்று போகும். அவரைச் செடிகளின் வேரில் இருப்பது போன்ற, பாக்டீரியா தங்கும் முடிச்சுகளைத் தேடி மண்ணைத் தோண்டவும் வேண்டாம். அவரைக் குடும்பத்தில் இந்தக் கிளைக்கு அவை கிடையாது.

5. சுற்றளவு. மார்பளவு உயரத்தில் நாடாவைச் சுற்றினால் அளப்பது பலகை வேரைத்தான். வேர் முடியும் இடத்திலிருந்து 30 செ.மீ. மேலே அளக்க வேண்டும். எட்டாவிட்டால் 'அளக்கவில்லை' என்று எழுதுங்கள், உத்தேசமாக எண் போடாதீர்கள்.

6. உயரம். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். சமதரையில் 60 மீட்டர் தள்ளி நின்று உச்சியைப் பார்க்கையில் கோணம் 50 பாகை என்றால், 60 × 1.19 (50 பாகையின் டான்ஜென்ட் மதிப்பு) = 71.4, கண் உயரம் 1.6 சேர்த்தால் 73 மீட்டர். ஆனால் நீங்கள் பார்த்தது உச்சியாக இல்லாமல், உங்கள் பக்கம் 10 மீட்டர் நீண்ட கிளை நுனியாக இருந்தால், கணக்கு சுமார் 12 மீட்டர் கூடிவிடும். விரிந்த தலையுள்ள இந்த மரத்தில் அது சாதாரணமாக நடக்கும். எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து அளந்து பாருங்கள். இரண்டும் வெகுவாக வேறுபட்டால் லேசர் தூரமானியால் நுனிக்குள்ள சாய்தூரத்தை எடுத்து, கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கி, கண் உயரத்தைக் கூட்டுங்கள்.