ஈமேக்ஸுக்குள் மின்னஞ்சல்: எம்யூ4ஈ-யை முதன்முறை அமைப்பவர்களுக்கு

மெயிலில் நாம் செய்வதெல்லாம் எழுத்து வேலைதான். படிக்கிறோம், தேடுகிறோம், வெட்டி ஒட்டுகிறோம், பதில் எழுதுகிறோம். நாள் முழுக்க இதே வேலைகளை எடிட்டரில் செய்கிறவர்கள் மெயிலுக்கு மட்டும் பிரவுசருக்குப் போய், அங்கே வேறு விசைகளோடும் வேறு தேடலோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஈமேக்ஸுக்குள்ளேயே மெயிலைக் கொண்டுவந்துவிடலாம். இன்னொரு லாபமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிது: உங்கள் கடிதங்கள் உங்கள் கணினியில் சாதாரண ஃபைல்களாக இருக்கும். இன்டர்நெட் இல்லாத இடத்திலும் தேடலாம், படிக்கலாம், பதிலை எழுதி வைக்கலாம்.

உபுண்டு அல்லது டெபியன் கணினி, ஈமேக்ஸ், ஒரு ஜிமெயில் கணக்கு, இந்த மூன்றும் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். ஈமேக்ஸில் ஒரு ஃபைலைத் திறந்து, திருத்தி, சேமிக்கத் தெரிந்தால் போதும். கட்டளைகளையும் விசைகளையும் ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். அலுவலக மெயில் மைக்ரோசாஃப்ட் 365-இல் இருந்தால் வெறும் பாஸ்வேர்டை வைத்து இப்படி இணைக்க முடியாது, அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். சொந்த ஜிமெயிலில் பழகிவிட்டு அங்கே போவது நல்லது.

யார் எந்த வேலையைச் செய்கிறார்கள்

புதிதாக வருபவர்கள் குழம்புவது இங்கேதான், அதனால் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஜிமெயில் பக்கத்தில் எல்லா வேலையும் ஒரே இடத்தில் நடக்கிறது. இங்கே வேலைகள் பிரிந்திருக்கின்றன. செர்வரிலிருந்து மெயிலை இறக்குவது எம்பிசிங்க் (mbsync). இறங்கிய மெயில்களைத் தேடுவதற்கு வசதியாக அட்டவணை போட்டு வைப்பது எம்யூ (mu). அந்த அட்டவணையை ஈமேக்ஸுக்குள் நமக்குக் காட்டுவது எம்யூ4ஈ (mu4e). எழுதிய மெயிலை அனுப்புவது ஈமேக்ஸோடு கூடவே வரும் எஸ்எம்டிபிமெயில். ஏதாவது வேலை செய்யவில்லை என்றால் இந்த நான்கில் எது மக்கர் செய்கிறது என்று முதலில் பாருங்கள். புது மெயில் வரவில்லையா, எம்பிசிங்க். டிஸ்கில் இருக்கிறது ஆனால் தேடினால் கிடைக்கவில்லையா, எம்யூ. பாதிச் சிக்கல் இந்தக் கேள்வியிலேயே அவிழ்ந்துவிடும்.

மெயில்கள் இறங்கிச் சேரும் இடத்துக்கு மெயில்டிர் என்று பெயர். கியூமெயில் செர்வருக்காக டேனியல் பெர்ன்ஸ்டீன் 1990-களில் வகுத்த முறை அது. அதற்கு முன்பு பெருவழக்கில் இருந்த எம்பாக்ஸ் முறையில் எல்லாக் கடிதங்களும் ஒரே நீண்ட ஃபைலில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் கை வைத்தால் ஃபைலே கெட்டுப்போகலாம். மெயில்டிரில் ஒரு கடிதத்துக்கு ஒரு ஃபைல். இன்பாக்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே நியூ, கர், டெம்ப் என்று மூன்று ஃபோல்டர்கள் இருக்கும். கடிதத்தின் நிலை எல்லாம் ஃபைலின் பெயரிலேயே இருக்கிறது: படித்துவிட்டால் பெயரின் வாலில் எஸ் சேரும், பதில் போட்டால் ஆர், நட்சத்திரம் இட்டால் எஃப். தனியாக ஒரு ரகசிய டேட்டாபேஸ் கிடையாது. எம்யூ போடும் அட்டவணை அழிந்துபோனால்கூட மெயில்களுக்கு ஒன்றும் ஆகாது, திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

நிறுவுதல்

டெர்மினலில் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்று தட்டி, ஐசிங்க் (isync), மெயில்டிர்-யூட்டில்ஸ் (maildir-utils), எம்யூ4ஈ ஆகிய மூன்று பெயர்களையும் கொடுங்கள். எம்பிசிங்க் ஐசிங்க் தொகுப்புக்குள் வருகிறது, எம்யூ மெயில்டிர்-யூட்டில்ஸுக்குள். மற்ற ஈமேக்ஸ் நீட்சிகளைப் போல எம்யூ4ஈ-யை மெல்பா என்ற நீட்சிக் களஞ்சியத்தில் தேடாதீர்கள், அங்கே கிடைக்காது. எம்யூவும் எம்யூ4ஈ-யும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே இடத்திலிருந்து நிறுவினால் அந்தக் கவலை இல்லை.

ஜிமெயில் பக்கம் ஒரு வேலை

உங்கள் வழக்கமான பாஸ்வேர்டை ஜிமெயில் இதற்கு ஏற்காது. கூகுள் கணக்கில் இரண்டு-படி சரிபார்ப்பை இயக்கிவிட்டு, ஆப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்குங்கள். 16 எழுத்துகள் கொண்ட ஒரு சொல் கிடைக்கும். அதை வெறும் ஃபைலில் எழுதி வைக்க வேண்டாம். ஈமேக்ஸில் .மெயில்பாஸ்.ஜிபிஜி என்ற பெயரில் ஹோம் ஃபோல்டரில் ஒரு ஃபைலைத் திறந்து, அதில் அந்தச் சொல்லை மட்டும் எழுதிச் சேமியுங்கள். பெயர் ஜிபிஜி (ஃபைல்களைப் பூட்டும் நிரல்) என்று முடிவதால் சேமிக்கும்போதே ஈமேக்ஸ் அதைப் பூட்டிவிடும். ஜிபிஜி சாவி இல்லாதவர்கள் சாவி எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால், பூட்டத் தனியாக ஒரு பாஸ்வேர்டு கேட்கும்.

எம்பிசிங்க்குக்குச் சொல்லிக்கொடுப்பது

முதலில் ஹோம் ஃபோல்டரில் மெயில்டிர் என்று, முதலெழுத்து மட்டும் பெரியதாக, ஒரு ஃபோல்டரை நீங்களே உருவாக்குங்கள். எம்பிசிங்க் அதை உங்களுக்காக உருவாக்காது. பிறகு .எம்பிசிங்க்ஆர்சி என்ற ஃபைலைத் திறந்து நான்கு பத்திகள் எழுத வேண்டும், பத்திகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி.

முதல் பத்தி ஐமேப்-அக்கவுன்ட். செர்வரில் இருக்கும் மெயிலை எட்டும் நெறிமுறைதான் ஐமேப். ஜிமெயிலின் ஐமேப் செர்வர் முகவரி, உங்கள் மெயில் முகவரி, பாஸ்-கமாண்ட் வரியில் சற்று முன் பூட்டிய ஃபைலைத் திறக்கும் ஜிபிஜி கட்டளை, இணைப்பு வகை ஐமேப்ஸ். இந்த வகையைக் குறிக்கும் வரியின் பெயர் 1.5 பதிப்பிலிருந்து டிஎல்எஸ்-டைப். அதற்கு முந்தையது என்றால் எஸ்எஸ்எல்-டைப். இரண்டாவது பத்தி ஐமேப்-ஸ்டோர், அந்தக் கணக்கைச் சுட்டினால் போதும். மூன்றாவது மெயில்டிர்-ஸ்டோர்: மெயில்டிர் ஃபோல்டரின் பாதை, அதன் கடைசியில் சாய்கோடு கட்டாயம். இன்பாக்ஸின் பாதை தனி வரியில். சப்-ஃபோல்டர்ஸ் வெர்பாட்டிம்.

நான்காவது பத்தி சேனல். ஃபார் என்பது செர்வர் பக்கம், நியர் என்பது உங்கள் பக்கம். பழைய வழிகாட்டிகளில் இந்த இடத்தில் மாஸ்டர், ஸ்லேவ் என்று இருக்கும், 1.4-க்குப் பிறகு ஃபார், நியர்தான். பேட்டர்ன்ஸ் வரியில் எந்தெந்த ஃபோல்டர் வேண்டும் என்று சொல்ல வேண்டும். எடுத்தவுடன் எல்லாவற்றையும் கேட்காதீர்கள். ஜிமெயிலின் ஆல் மெயில் ஃபோல்டரில் இன்பாக்ஸில் இருப்பதும் மறுபடி இருக்கும், இறக்க வேண்டியது இரட்டிப்பாகும். ஐமேப் வழியாக ஒரு நாளில் 2500 எம்பி வரைதான் இறக்கலாம் என்று கூகுள் வரம்பும் வைத்திருக்கிறது. இன்பாக்ஸ், சென்ட் மெயில், டிராஃப்ட்ஸ், டிராஷ் போதும். பெயருக்குள் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் எழுதுங்கள்.

ஜிமெயிலைத் தமிழ் இடைமுகத்தில் வைத்திருப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். ஜிமெயில் தன் உள் ஃபோல்டர்களின் பெயரை உங்கள் இடைமுக மொழியிலேயே செர்வரில் கொடுக்கிறது. தமிழ்ப் பெயர்கள் ஐமேப்புக்கான குறியாக்கத்தில், அம்பர்சாண்ட் குறியோடு தொடங்கும் புரியாத எழுத்துக் கோவையாக வந்து நிற்கும். சென்ட் மெயில் என்று எழுதினால் அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்று ஆகிவிடும். எம்பிசிங்க்குக்கு மைனஸ் எல் கொடுத்து, கூடவே சேனல் பெயரையும் தட்டினால் ஃபோல்டர்களைப் பட்டியலிடும். பேட்டர்ன்ஸ் வரியில் ஒரு நட்சத்திரத்தை மட்டும் போட்டுவிட்டு ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். எளிய வழி, அமைத்து முடிக்கும்வரை இடைமுகத்தை ஆங்கிலத்துக்கு மாற்றி அப்படியே விடுவது.

சேனல் பத்தியில் இன்னும் மூன்று வரிகள்: கிரியேட் நியர், சிங்க்-ஸ்டேட் நட்சத்திரம், சிங்க் புல். கடைசி வரிதான் உங்கள் காப்பு. அது இருக்கும்வரை மெயில் கீழே இறங்குமே தவிர, நீங்கள் இங்கே அழிப்பதோ நகர்த்துவதோ செர்வரை எட்டாது. பழகும் நாட்களில் தைரியமாக விளையாடலாம்.

சரி, எம்பிசிங்க் மைனஸ் ஏ என்று தட்டுங்கள். முதல் முறை நேரம் எடுக்கும். முடிந்ததும் எம்யூ இனிட் கட்டளையை, மைனஸ் மைனஸ் மெயில்டிர் என்பதில் ஃபோல்டரையும், மைனஸ் மைனஸ் மை-அட்ரஸ் என்பதில் உங்கள் முகவரியையும் கொடுத்து ஓட்டுங்கள். அப்புறம் எம்யூ இன்டெக்ஸ். எம்யூ ஃபைண்ட் என்று தட்டி, பக்கத்தில் யாராவது ஒருவர் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். அவர் கடிதங்கள் வரிசையாக வந்தால் அடித்தளம் சரியாக இருக்கிறது. வராவிட்டால் ஈமேக்ஸ் பக்கம் போகாதீர்கள், இங்கேயே சரிசெய்யுங்கள்.

ஈமேக்ஸில்

ஈமேக்ஸ் தொடங்கும்போது படிக்கும் இனிட் ஃபைலில் எம்யூ4ஈ-யை ரிக்வயர் செய்யுங்கள், அதாவது ஏற்றச் சொல்லுங்கள். கெட்-மெயில்-கமாண்டாக எம்பிசிங்க் மைனஸ் ஏ. சென்ட், டிராஃப்ட்ஸ், டிராஷ் ஃபோல்டர்கள் எவை என்று மூன்று வரிகள். யூசர்-மெயில்-அட்ரஸில் உங்கள் முகவரி. சேஞ்ச்-ஃபைல்நேம்ஸ்-வென்-மூவிங் என்ற எம்யூ4ஈ அமைப்பை டி (t, அதாவது ஆம்) ஆக்குங்கள். இதை விட்டால் ஒரு மெயிலை நகர்த்திய பிறகு, ஒரே எண் இரண்டு மெயில்களுக்கு இருக்கிறது என்று எம்பிசிங்க் நின்றுவிடக்கூடும். சென்ட்-மெசேஜஸ்-பிஹேவியரை டெலீட் ஆக்குங்கள். பெயர் பயமுறுத்தினாலும் விஷயம் எளிது: அனுப்பிய மெயிலின் பிரதியை ஜிமெயில் தானே வைத்துக்கொள்கிறது, நாமும் ஒன்று வைத்தால் இரண்டாகும்.

ஆல்ட்-எக்ஸ் அழுத்தி எம்யூ4ஈ என்று தட்டினால் முகப்பு வரும். ஜே அழுத்தி ஒரு ஃபோல்டருக்குத் தாவலாம். எஸ் அழுத்தித் தேடலாம். பி-யும் யூ-வும் (b, u) அழுத்தினால் படிக்காதவை, பி-யும் டி-யும் (b, t) அழுத்தினால் இன்று வந்தவை. பட்டியலில் எண்டர் அழுத்தினால் கடிதம் திறக்கும், என் (n) அடுத்தது, பி (p) முந்தையது. படங்களும் பட்டன்களுமாக வரும் விளம்பர மெயில் எழுத்தாகத்தான் தெரியும், அது நிம்மதியாகவே இருக்கும். அப்படியே பார்க்க வேண்டுமென்றால் ஏ-யும் வி-யும் அழுத்தினால் பிரவுசரில் திறக்கும். கடிதத்துக்குள் இருக்கும்போது ஈ (e) அழுத்தினால் இணைப்புகளை (அட்டாச்மென்ட்) சேமிக்கலாம்.

இன்பாக்ஸைச் சுத்தம் செய்வதுதான் இந்த முறையின் உயிர். பட்டியலில் ஒரு மெயில் மேல் எம் அழுத்தி டிராஷ் ஃபோல்டரைக் காட்டுகிறீர்கள். உடனே எதுவும் நகராது, வரியின் தொடக்கத்தில் ஒரு குறி மட்டும் விழும். அடுத்ததில் ஆச்சரியக்குறி, அது படித்ததாகக் கருது. அடுத்ததில் கூட்டல் குறி, நட்சத்திரம். இப்படியே பட்டியல் முழுக்க இறங்கிப் போகலாம், மனம் மாறினால் யூ அழுத்திக் குறியை எடுக்கலாம். எல்லாம் முடிவானதும் எக்ஸ். அப்போதுதான் மொத்தமாக நடக்கும். சதவீதக் குறியை அழுத்தினால் இன்னும் வசதி: என்ன குறி, எந்தப் புலம், என்ன சொல் என்று கேட்கும். சப்ஜெக்டில் ஓடிபி என்று இருக்கும் அத்தனை மெயில்களையும் ஒரே வீச்சில் குறித்துவிடலாம்.

டி (d) விசைக்கும் டிராஷ் என்றுதான் பெயர், ஆனால் ஆரம்பத்தில் அதை விட்டுவிடுங்கள். அது ஃபைல் பெயரில் அழிப்புக் கொடியையும் ஏற்றுகிறது. பிறகு எம்பிசிங்க் அந்தக் கொடியை மதித்து மெயிலை நிரந்தரமாகவே நீக்கிவிட வாய்ப்புண்டு. எம் அழுத்தி டிராஷுக்கு நகர்த்துவதே பத்திரம்.

தேடலிலும் சற்று நேரம் செலவிடுங்கள். ஃப்ரம், சப்ஜெக்ட், டேட், ஃப்ளாக் என்ற சொற்களை முக்காற்புள்ளியோடு சேர்த்து எழுத வேண்டும். ஃப்ளாக் அட்டாச் என்பதோடு டேட் புலத்தில் 3எம் என்று எழுதி, இரண்டு புள்ளிகள் வைத்தால், கடந்த மூன்று மாதத்தில் இணைப்போடு வந்தவை மட்டும் வரும். வருமான வரிக்கு ரசீது தேடும் மாதத்தில் இதன் அருமை தெரியும்.

எழுதி அனுப்புவது

இனிட் ஃபைலில் மெசேஜ்-சென்ட்-மெயில்-ஃபங்ஷனை எஸ்எம்டிபிமெயில்-சென்ட்-இட் ஆக்குங்கள். செர்வர் ஜிமெயிலின் எஸ்எம்டிபி முகவரி, சர்வீஸ் 587, ஸ்ட்ரீம்-டைப் ஸ்டார்ட்டிஎல்எஸ். பாஸ்வேர்டு .ஆத்இன்ஃபோ.ஜிபிஜி ஃபைலில் ஒரே வரியாக: மெஷின், லாகின், போர்ட், பாஸ்வேர்டு என்ற நான்கு சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் மதிப்பு.

பெரிய சி அழுத்தினால் புதுக் கடிதம், பெரிய ஆர் பதில், பெரிய எஃப் ஃபார்வர்டு. எழுதி முடித்து கன்ட்ரோல்-சி இரண்டு முறை அழுத்தினால் போய்விடும். ஃபைல் இணைக்க கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-ஏ. முதல் மெயிலை உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு மாற்றம் அவசியம். மெசேஜ்-ஃபில்-காலம் என்ற அளவு 72-இல் இருக்கும். அதைத் தாண்டினால் ஈமேக்ஸ் வரியை வெட்டிவிடும். நீளமான தமிழ்ச் சொற்களோடு இப்படி வெட்டுப்பட்ட கடிதத்தைப் போனில் படித்தால் ஒரு வரி நீளம், ஒரு வரி குட்டை என்று கந்தலாகத் தெரியும். அதை நில் (nil, அதாவது இல்லை) ஆக்கிவிட்டு, வரியைத் திரையில் மட்டும் மடித்துக் காட்டும் விஷுவல்-லைன்-மோடை இயக்குங்கள். தமிழில் தட்ட கன்ட்ரோலும் பின்சாய்கோடும் அழுத்தி ஆங்கில எழுத்தில் தட்டுவதைத் தமிழாக்கும் டமில்-இட்ரான்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். எழுத்துகள் உடைந்து தெரிந்தால் ஈமேக்ஸ் 27 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள், 27-இல்தான் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் வந்தது.

காப்பை எடுப்பது

சில நாட்கள் இப்படியே ஓட்டி, குறியிடுவதும் எக்ஸ் அழுத்துவதும் கைக்குப் பழகிய பிறகு சிங்க் புல் வரியை நீக்கலாம். அதற்கு முன், சோதனையில் செய்த மாற்றங்கள் செர்வருக்குப் போகாமல் இருக்க, மெயில்டிர் ஃபோல்டரை முழுவதுமாக அழித்து, வெறும் ஃபோல்டராகத் திரும்ப உருவாக்குங்கள். சிங்க்-ஸ்டேட்டில் நட்சத்திரம் போட்டதால் பழைய கணக்குவழக்கும் உள்ளேயே இருந்து, கூடவே போய்விடும். உள்ளே இருப்பதில் பாதியை மட்டும் அழிக்காதீர்கள். கணக்கு மிஞ்சி மெயில் இல்லாமல் போனால், அவற்றை நீங்கள் அழித்ததாக எம்பிசிங்க் எடுத்துக்கொள்ளும். பிறகு சிங்க் புல் வரியை எடுத்து, அழித்தவற்றை இரு பக்கமும் நீக்கச் சொல்லும் எக்ஸ்பன்ஜ் போத் வரியைச் சேர்த்து, எம்பிசிங்க், எம்யூ இனிட், எம்யூ இன்டெக்ஸ் மூன்றையும் அதே வரிசையில் மறுபடி ஓட்டுங்கள். ஏதாவது ஒரு விளம்பர மெயிலை டிராஷுக்கு நகர்த்தி, முகப்பில் பெரிய யூ அழுத்திவிட்டு, போனில் ஜிமெயிலைத் திறந்து பாருங்கள். அங்கேயும் அது டிராஷுக்குப் போயிருந்தால் வேலை முடிந்தது.