டெல்டா கிராமத்துல பசங்களுக்கு ஒரு சாயங்கால மையம் ஆரம்பிக்கணும்னா

நம்ம ஊருப்பக்கம் படிப்ப பாதியில விட்ட பசங்களுக்கு ஏதாவது செய்யணும்னு ஆசப்படுறவங்க நெறைய பேரு இருக்காங்க, ஆனா ஃபிளக்ஸ் அடிச்சு நோட்டுப்புத்தகம் குடுத்து போட்டோ எடுத்ததோட முடிஞ்சிடுது. அந்தப் பசங்களுக்கு வேண்டியது, தெனம் அதே நேரத்துக்கு அதே எடத்துல வந்து உக்காந்திருக்குற ஒரு பெரிய ஆளு. அப்படி உக்கார நீங்க தயார்னா மேல படிங்க.

மொதல்ல எடம். கோயில் மண்டபத்துல வெச்சா காலனி புள்ளைங்க படி ஏறாது, காலனிக்குள்ள வெச்சா ஊர்த்தெருவுலேர்ந்து அனுப்ப மாட்டாங்க. அதனால பள்ளிக்கூடம், ஊர்ப்புற நூலகம், இந்த மாதிரி பொது எடமா பாத்து ஹெட்மாஸ்டர்கிட்டயும் ஊராட்சித் தலைவர்கிட்டயும் எழுதியே பர்மிஷன் வாங்குங்க. எல்லாரும் ஒரே பாய்ல உக்காரணும், ஒரே குடத்துல தண்ணி மோந்து குடிக்கணும், இதுக்கு எந்தத் தெரு பெரிய மனுசன் வந்து மொணங்குனாலும் மொத நாள்லேர்ந்தே வளஞ்சு குடுக்காதீங்க. லைட்டும் கக்கூஸும் இல்லாத எடம்னா வயசுப் பொண்ணுங்க வரவே வராது, அதையும் பாத்துக்குங்க.

நேரத்த வயல் வேலைய வெச்சுதான் முடிவு பண்ணணும். ஜூன் 12 மேட்டூர் அணை தொறந்தா அப்புறம் குறுவை நடவு, பின்னாடியே சம்பா, தை மாசம் அறுப்பு, இந்த நாள்லல்லாம் அம்மா வேலைக்குப் போயிருவாங்க, மூத்த பொண்ணுதான் தம்பிய இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு சோறும் வடிக்கும். "தம்பிய விட்டுட்டு வா"ன்னு சொன்னீங்கன்னா மறுநாள் அது வராது. ஒரு மூலையில பாய விரிச்சு நாலு பொம்மைய போட்டு வைங்க, தம்பியும் வரட்டும். பையன்கள இழுக்க கபடிய விட வேற ஒண்ணு வேணாம், ஆட்டம் முடிஞ்சு அரை மணி நேரம் உக்காந்து போகணும்ங்குற ஒரே கண்டிஷன் போதும்.

இனிமே சொல்றதுதான் முக்கியம். நம்ம புள்ளைங்க கைவிட்டுப் போறது மே மாச ரிசல்ட்டுக்கும் ஜூன்ல ஸ்கூல் தொறக்குறதுக்கும் நடுவுலதான். ஃபெயிலான பையன் வெளிய தல காட்ட மாட்டான், ஒரு வாரத்துலயே யாராவது ஒரு அண்ணன் வந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்கு கூட்டிட்டுப் போறேம்பாரு, வீட்டுலயும் சரின்னுடுவாங்க. அதனால பத்தாவது பன்னெண்டாவது எழுதுன எல்லாரு பேரையும் ஏப்ரல்லயே ஒரு நோட்டுல எழுதி வெச்சு, ரிசல்ட் அன்னிக்கு சாயங்காலமே வீடு வீடா போங்க, பாஸான வீட்ட விட்டுட்டு ஃபெயிலான வீட்டுக்கு மொதல்ல. மார்க்க பத்தி பேசவே பேசாதீங்க, சாப்பிட்டியாடான்னு கேளுங்க. ரெண்டு நாள் கழிச்சு துணைத்தேர்வு இருக்குன்னு சொல்லி நீங்களே கூட போய் விண்ணப்பம் போட்டுக் குடுங்க. திரும்பப் படிக்க இஷ்டம் இல்லாதவனுக்கு அரசு ஐடிஐ இருக்கு, வெல்டர், ஒயர்மேன் மாதிரி சில டிரேடுக்கு எட்டாவது பாஸே போதும், பயிற்சிக்கு ஃபீஸ் கெடயாது, மாசம் 750 ரூபா உதவித்தொகை, பஸ் பாஸும் உண்டு, இது நெறைய அப்பா அம்மாவுக்குத் தெரியவே தெரியாது.

அரசுப் பள்ளியில ஆறுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் படிச்சுட்டு காலேஜ் சேந்தா பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், பையன்களுக்கு தமிழ்ப் புதல்வன்னு மாசம் 1000 ரூபா வரும். ஆனா இதெல்லாம் பேப்பர்லதான் மாட்டிக்கும். ஆதார்ல இனிஷியல் முன்னாடி இருக்கும், டிசில பின்னாடி இருக்கும், பேங்க் பாஸ்புக்குல இனிஷியலே இருக்காது, அட்மிஷன் கடைசி நாள் அன்னிக்கு அந்தப் புள்ள கவுன்ட்டர் முன்னாடி அழுதுக்கிட்டு நிக்கும். பொங்கல் லீவுலயே எல்லாத்தையும் பாய்ல பரப்பி ஒண்ணோட ஒண்ணு வெச்சுப் பாத்து, எழுத்து மாறியிருந்தா அப்பவே திருத்த எழுதிப்போடுங்க. சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழையும் இ-சேவையில அப்பவே போட்டு வாங்கிடுங்க.

வெளிநாடு போறேன்னு நிக்கிறவன தடுக்காதீங்க, ஏஜென்ட் பதிவு பண்ணவரான்னு மத்திய அரசோட இ-மைக்ரேட் சைட்ல பாத்துச் சொல்லுங்க. பத்தாவது பாஸ் பண்ணாம பாஸ்போர்ட் எடுத்தா வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக குடியேற்ற அனுமதி தனியா வாங்கணும், விசிட் விசாவுல ஏத்திவிடுறேன்னு எவனாவது சொன்னா நம்பக்கூடாதுன்னு அடிச்சுச் சொல்லுங்க. துணைத்தேர்வு எழுதுறதுக்கு இது ஒண்ணே போதுமான காரணம்னு அவனுக்கே புரியும்.

ஒரு பொண்ணுக்கு 18 ஆகுறதுக்குள்ள கல்யாணப் பேச்சு நடக்குதுன்னு காதுல விழுந்தாலோ, ஒரு புள்ள உடம்புல காயத்தோட வந்தாலோ, தப்பா யாரோ தொட்டாங்கன்னு சொன்னாலோ, பஞ்சாயத்து பேசி முடிக்கப் பாக்காதீங்க. குழந்தைங்க உதவி எண் 1098க்கு போன் பண்ணுங்க, ராத்திரி பகல் எப்ப வேணா எடுப்பாங்க. பாலியல் விஷயம்னா போக்சோ சட்டப்படி தெரிஞ்சவங்க தகவல் குடுத்தே ஆகணும், மறைச்சா குத்தம். புள்ளைகிட்ட தோண்டித் தோண்டி கேக்காம, அது சொன்னத சொன்னபடியே எழுதி வெச்சா போதும். மையத்துல எப்பவும் பெரியவங்க ரெண்டு பேரு இருக்கணும், அதுல ஒருத்தர் பொம்பளையா இருக்கணும், தனியா ஒரு புள்ளைய வண்டியில ஏத்திட்டுப் போற பழக்கம் நல்லவங்களுக்கும் வேணாம்.

காசு பெருசா ஆகாது, பல்பு, பாய், சுண்டல், கபடிக்கு சுண்ணாம்பு அவ்வளவுதான். குடுக்குறவங்ககிட்ட வாங்கிக்குங்க, ஆனா கட்சிக்கொடியோட வர்ற காச மட்டும் வேணாம், அடுத்த கட்சிக்காரர் வீட்டுப் புள்ள நின்னுபோயிடும். வரவு செலவ மாசக் கடைசியில மையத்து செவுத்துலயே ஒட்டிடுங்க, கணக்கு எழுதுற வேலைய பதினொண்ணாவது படிக்கிற பொண்ணுங்க யாருகிட்டயாவது விடுங்க.